சேர்வர் அப்கிரேட் எண்டு 45,000 ரூபாய் போச்சு: திருகோணமலை ஆக்கள் கவனம்

நேற்றுப் பின்னேரத்தில இருந்து ஒரு வேலையும் ஓடேல்லை. ஆத்திரம் ஆற முதலே எழுதிப் போடுறன், இன்னொரு கடைக்காரர் இப்பிடிப் போய் விழக்கூடாது.

வலை, தங்கூசி, வள்ள எஞ்சின் சாமான் விக்கிற கடை என்ர. பாதி வியாபாரம் கடன்தான். சல்லி, கிண்ணியா, மூதூர் ஆக்கள் சாமானைக் கொண்டுபோய், மீன் பட்டபிறகுதான் காசு கட்டுவினம். அந்தக் கணக்கு முழுக்க மேசைக்குக் கீழ இருக்கிற சின்னச் சேர்வரில. அதில ஓடினது உபுண்டு 18.04, விண்டோஸ் மாதிரி மெசினை ஓட்டிற மென்பொருளின்ர ஒரு பழைய பதிப்பு. அதுக்கு வழமையான பாதுகாப்பு அப்டேட் 2023 மே மாதத்தோட நிண்டுபோச்சு. பில் புரோகிராம் செய்து தந்தவர் மாத்தச் சொல்லிக்கொண்டே இருந்தவர்.

டவுனில ஒரு கொம்பியூட்டர் திருத்திற கடைக்குப் போனன். முதலாளி இருத்தி, தேத்தண்ணி தந்து, அப்பாவைத் தனக்கு நல்லாத் தெரியும் எண்டார். "தம்பி, ஒரு ராத்திரி வேலை. விடியக் கடை திறக்கேக்க நீங்க பில் அடிக்கலாம்." புதுப் பதிப்பு 22.04க்கு ஏத்தித்தர 45,000. முழுக்காசையும் கையில வச்சன். பற்றுச்சீட்டுக் கேக்கேல்லை. அப்பாவின்ர பேரைச் சொன்ன மனுசனிட்ட அதைக் கேக்க வாய் வரேல்லை.

இரவு எட்டு மணிக்கு ஒரு பெடியன் வந்தான். பேக்கப் எடுத்தாச்சோ எண்டு ரெண்டு தரம் கேட்டன். "எடுத்தாச்சு அண்ணை, பயப்பிடாதேங்கோ." நான் பக்கத்திலதான் இருந்தன். கறுப்புத் திரையில ஒரு ஃபைலைத் திறந்து, பயோனிக் எண்டு இருந்த இடமெல்லாம் ஜாமி எண்டு மாத்தினான். கொழும்பில இதே வேலை செய்யிற மருமகன் பிறகு சொல்லித்தான் விளங்கினது: பயோனிக் எண்டால் 18.04, ஜாமி எண்டால் 22.04. நடுவில 20.04 இருக்கு. முதல் அதுக்கு ஏறி, எல்லாம் ஓடுதா எண்டு பாத்து, பிறகுதான் 22.04க்குப் போகவேணும். அதுக்கெண்டு உபுண்டுவிலயே தனிக் கட்டளை இருக்கு. இவன் ஒரே பாய்ச்சல். அதோட கணக்கைச் சேமிச்சு வைக்கிற மைஎஸ்கியூஎல் 5.7 இல இருந்து 8.0, பில் புரோகிராமை ஓட்டிற பிஎச்பி 7.2 இல இருந்து 8.1. எங்கட பழைய பில் புரோகிராம் அதில ஓடுமோ எண்டு ஒருத்தரும் பாக்கேல்லை. மைஎஸ்கியூஎல் 8.0 மாத்தி எழுதின டேட்டாவைத் திரும்ப 5.7 ஆல திறக்கவும் ஏலாதாம்.

நடுச்சாமம் தாண்ட இன்ஸ்டோல் பாதியில நிண்டுது. ரீஸ்டார்ட் பண்ண எழும்பேல்லை. "நீங்க போய்ப் படுங்கோ அண்ணை, விடிய சரியா இருக்கும்" எண்டான். நம்பித் திறப்பைக் குடுத்திட்டுப் போனன். விடிய வந்தால் புது 22.04, உள்ள ஒண்டும் இல்லை. டிஸ்கை அழிச்சுப் புதுசாப் போட்டிருக்கிறான். பேக்கப் எங்க எண்டு கேக்க, "ஹோம் ஃபோல்டரில வச்சனான்" எண்டான். அழிச்ச அதே டிஸ்கில!

என்னட்ட இருந்த பென் டிரைவ் ஐஞ்சு கிழமை பழசு. அந்த ஐஞ்சு கிழமைக் கடனும் போச்சு, 45,000உம் போச்சு.

முதலாளி முதல் நாள் "பாப்பம்" எண்டார். அடுத்த நாள் "உங்கட டிஸ்க்தான் பழுது." பிறகு போன் எடுக்கேல்லை. வாட்ஸ்அப்பில நீல அடையாளம் விழுது, மறுமொழி இல்லை. நேற்று நேரில போனன். "அந்தப் பெடியன் இப்ப எங்களிட்ட இல்லை, அவனிட்டக் கேளுங்கோ." காசு வாங்கினது ஆர்? 45,000ஐயும் எண்ணி லாச்சியில போட்டது அவர். தேத்தண்ணி தந்த அதே மேசையில இருந்துகொண்டு என்ர முகத்தைப் பாக்காமல் சொன்னார்.

கிண்ணியாவில இருந்து ஒரு காக்கா தன்ர கொப்பியைக் கொண்டுவந்து, "நான் எடுத்தது இவ்வளவு, எழுதிக்கொள்ளுங்க" எண்டார். எனக்குக் கண் கலங்கிப்போச்சு. எல்லாரிட்டயும் கொப்பி இல்லையே.

என்ன செய்யவேணும் எண்டு விபரமா எழுதத்தான் நினைச்சன், இப்ப வருகிறதைச் சொல்லிறன். பேக்கப்பை வேற டிஸ்கில எடுத்து வீட்ட கொண்டுபோங்கோ, அதை இன்னொரு மெசினில திறந்தும் பாருங்கோ. பழைய சேர்வரைத் தொடாமல், அதின்ர பிரதி ஒண்டில முதல் ஏத்திப் பாக்கச் சொல்லுங்கோ. ஒவ்வொரு படியா ஏத்தாதவனை மெசினில கைவைக்க விடாதேங்கோ. பில் அடிச்சுப் பாத்த பிறகு காசைக் குடுங்கோ, பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் வேண்டாம். நான் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின்ர 1977 இலக்கத்துக்குப் போன் அடிக்கப்போறன். மிச்சம் பிறகு, சல்லியில இருந்து ஆள் கணக்குக் கேட்டு வந்து நிக்குது.