குழாயடியில் ஒரு டீச்சர்: தரம் மூன்றுக்கு நடந்த ஆறு கிழமைப் பகிடிவதைத் தடுப்பு வகுப்பு

மட்டக்களப்பில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்காகப் பாடசாலைக்கே வந்து பகிடிவதைத் தடுப்பு வகுப்பு நடத்துகிற ஒரு சிறு குழுவைப் பற்றி எழுதுகிறேன். குழுவின் பெயரையும் பாடசாலையின் பெயரையும் போடவில்லை. போட்டால் எந்த வகுப்பு, எந்தப் பிள்ளை என்று ஊருக்குள் அரை நாளில் தெரிந்துவிடும், அதில் என் மகனும் ஒருவன். கல்லடிப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தரம் மூன்று, 36 பிள்ளைகள், கிழமைக்கு ஒரு பாடவேளை என்று ஆறு கிழமை, அதோடு ஆசிரியர்களுக்கு இரண்டு பின்னேரம், பெற்றோருக்கு ஒரு சனிக்கிழமை காலை. பிள்ளைக்கு 400 ரூபாய் என்று வகுப்புப் பெற்றோர் சேர்த்துக் கொடுத்தோம். கொடுக்க முடியாத ஏழு குடும்பங்களின் காசை மற்றவர்கள் பகிர்ந்துகொண்டோம்.

இந்த வகுப்பு வேண்டும் என்று கேட்டு அலைந்தவர்களில் நானும் ஒருத்தி, அதனால் என் கதையையும் சொல்லத்தான் வேண்டும். நாங்கள் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆட்கள். மகனின் படிப்புக்காகப் போன வருடம் கல்லடிக்கு வந்து வாடகைக்கு இருக்கிறோம். வகுப்பில் ஒரு நாள் "என் குடும்பம்" என்று பேசச் சொன்னபோது இவன் அம்மப்பாவின் மாடுகளைப் பற்றிச் சந்தோசமாகச் சொல்லியிருக்கிறான், எத்தனை மாடு, எதற்கு என்ன பெயர், எது முட்டும் என்று எல்லாம். அன்றையிலிருந்து அவன் பெயர் மாட்டுக்காரன். முதலில் அவனும் சேர்ந்து சிரித்தானாம். மறுகா அவன் வகுப்புக்குள் வரும்போதெல்லாம் நாலைந்து பேர் "ம்மா" என்று கத்தத் தொடங்கினார்கள், சப்பாத்தை ஒளித்தார்கள், மலசலகூடத்துக்குப் போனால் வெளியிலிருந்து கதவைப் பிடித்துக்கொண்டார்கள்.

எனக்கு இதில் எதுவும் தெரியாது. தெரிந்ததெல்லாம் தண்ணீர்ப் போத்தல் தினமும் நிரம்பியபடியே வீட்டுக்குத் திரும்பி வருகிறது என்பதுதான். இந்த வெயிலில் ஒரு பிள்ளை ஒன்றரை மணி வரைக்கும் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறான், நான் இரண்டு மாதமாக அவனைத்தான் ஏசினேன். சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது என்று அழுதபோது டொக்டரிடம் கொண்டு போனோம். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அவனிடம்தான் கேட்டார்: "ஸ்கூல்ல டொய்லட் போறல்லையா மகன்?" அவ்வளவுதான், எல்லாம் வெளியே வந்தது. போனால் கதவைப் பிடிப்பார்கள், அதனால் போவதில்லை, போகாமல் இருக்க வேண்டுமென்றால் தண்ணீர் குடிக்கக் கூடாது. எட்டு வயதுப் பிள்ளை தனியாக யோசித்துக் கண்டுபிடித்த வழி அது.

வகுப்பாசிரியை நல்லவர். சொன்ன அன்றைக்கே இரண்டு தரப்பையும் கூப்பிட்டு, வகுப்புக்கு முன்னால் மன்னிப்புக் கேட்க வைத்து, கைகொடுக்க வைத்தார். அடுத்த இடைவேளையில் மாட்டுக்காரனோடு கோள்மூட்டி என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது. வீட்டில் என் கணவரின் அண்ணன், "ஆம்பிளப் புள்ள, திருப்பி ரெண்டு குடுக்கச் சொல்லுங்க" என்றார். நாலைந்து பேரை ஒருவன் எப்படித் திருப்பி அடிப்பான்? மற்றப் பெற்றோரோடு பேசினபோதுதான் இன்னும் மூன்று பிள்ளைகளுக்கு இதே மாதிரி வெவ்வேறு வடிவத்தில் நடக்கிறது என்று தெரிந்தது. அதில் ஒரு பெண் பிள்ளையை யாரும் அடிக்கவோ ஏசவோ இல்லை, எந்த விளையாட்டுக்கும் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான். அப்படித்தான் இந்தக் குழுவைக் கூப்பிட்டோம். காத்தான்குடியிலிருந்து ஒரு மிஸ், ஆரையம்பதியிலிருந்து ஒரு சேர்.

முதல் நாளே எனக்குப் பிடித்தது, அவர்கள் சண்டை, பகிடி, வதை என்ற மூன்றையும் பிரித்த விதம். இரண்டு பேரும் சிரித்தால் அது பகிடி. ஏறத்தாழ ஒரே பலமுள்ள இருவர் கோபித்து, அடிபட்டு, பிறகு ஒன்றாகப் போனால் அது சண்டை. ஒருவன் மட்டும் நோகிறான், திரும்பத் திரும்ப நடக்கிறது, அவனால் நிறுத்த முடியவில்லை என்றால் அது வதை. நோர்வேயில் ஆய்வு செய்த டான் ஒல்வேயஸ் சொன்ன அடையாளங்கள்தான் இவை: வேண்டுமென்றே செய்வது, தொடர்ந்து செய்வது, பலத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பது. 1982இல் அந்த நாட்டில் மூன்று சிறுவர்கள் இந்த வதையால் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகுதான் 1983இல் பாடசாலைகள் முழுவதும் தடுப்பு இயக்கம் தொடங்கியது என்று ஆசிரியர்களுக்கான பின்னேரத்தில் சேர் சொன்னாராம். கைகொடுக்க வைத்தது ஏன் பலிக்கவில்லை என்பது எனக்கு இங்கேதான் விளங்கியது. சமமான இருவருக்கு நடுவில் சமாதானம் பேசலாம். பயந்துபோன பிள்ளையைப் பயமுறுத்தின பிள்ளைக்கு முன்னால் நிறுத்தி "மன்னிச்சிட்டேன்" என்று சொல்லச் சொன்னால் அவன் என்ன செய்வான், சொல்லிவிட்டு வந்து இன்னும் பயப்படுவான்.

இரண்டாம் கிழமை நடந்த ஒன்றுக்காகவே அந்த 400 ரூபாயைக் கொடுக்கலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள் கொடுத்து பாடசாலையின் படத்தை வரையச் சொன்னார்கள். நல்ல படமாக இருக்கத் தேவையில்லை, வாசல், வகுப்பு, மைதானம், குழாய் எல்லாம் எங்கே என்று தெரிந்தால் போதும். சந்தோசமாக இருக்கிற இடத்துக்குப் பச்சை, பயமாக இருக்கிற இடத்துக்குச் சிவப்பு. பெயர் எழுத வேண்டாம். 36 தாளையும் நிலத்தில் பரப்பிப் பார்த்தபோது வகுப்பறைகள் பெரும்பாலும் பச்சையாக இருந்தன. சிவப்பு முழுவதும் தண்ணீர்க் குழாயடியிலும், அதற்குப் பின்னால் மலசலகூடத்துக்குப் போகிற ஒடுக்கமான வழியிலும். சிலர் வாசலுக்கு வெளியே பிள்ளைகளை ஏற்றிப் போகிற ஒரு வானை வரைந்து அதைச் சிவப்பாக்கியிருந்தார்கள். இத்தனை வருடம் படிப்பிக்கிற டீச்சர்மார் அந்தத் தாள்களைப் பார்த்துப் பேசாமல் நின்றார்களாம். பெரியவர்கள் யாரும் நிற்காத இடத்தில்தான் எல்லாம் நடக்கிறது. அந்தக் கிழமையே பகுதித் தலைவர் இடைவேளைக்கு ஒரு முறை வைத்தார்: இருபது நிமிடமும் ஒரு டீச்சர் குழாயடியில் நிற்பார், தேநீரை அங்கேயே கொண்டு வந்து கொடுப்பார்கள். காசு செலவில்லை, சுற்றறிக்கை தேவையில்லை. என் மகன் திரும்பவும் தண்ணீர் குடிக்கத் தொடங்கியதற்கு எந்த அறிவுரையையும் விட இதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

அப்புறம் பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகள். பின்லாந்தின் துர்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சல்மிவல்லி என்பவரும் அவருடைய குழுவினரும் இதை நெடுங்காலம் ஆராய்ந்து, கீவா என்ற வதைத் தடுப்புத் திட்டத்தை அதன் மேலே கட்டினார்கள். ஒருவன் வதைக்கும்போது சுற்றி நிற்கிறவர்களில் சிலர் அவனோடு சேர்ந்துகொள்கிறார்கள், சிலர் சிரித்து உற்சாகப்படுத்துகிறார்கள், நிறையப் பேர் பேசாமல் விலகி நிற்கிறார்கள், ஒன்றிரண்டு பேர்தான் பாதிக்கப்பட்ட பிள்ளைக்காக வருகிறார்கள். வதைக்கிறவனுக்குத் தேவை அந்தச் சிரிப்பு. மிஸ் இதை விளக்கப் போகாமல் நடிக்க வைத்தார், நானும் அன்று வகுப்பின் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாற்காலிதான் புதிதாக வந்த பிள்ளை. ஒருவன் அதற்குப் பட்டம் தெளிக்க வேண்டும், மற்றவர்கள் முதல் முறை சிரிக்க வேண்டும், இரண்டாம் முறை யாருமே சிரிக்கக் கூடாது. இரண்டாம் முறை அந்தப் பையன் பாதியிலேயே நிறுத்திவிட்டு, "மிஸ், இது சரிவரல்ல" என்றான். பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. வீரமாக நடுவில் பாய்ந்து சண்டை பிடிக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை, அதுவும் எனக்குப் பிடித்தது. கிட்டப் போய் "வா, விளையாடப் போவம்" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவது, அதற்கும் பயமென்றால் ஓடிப் போய் டீச்சரிடம் சொல்வது. ஒருவனை மாட்டிவிடுவதற்காகச் சொன்னால் கோள், ஒருவனைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னால் உதவி. என் மகன் இதை அப்படியே வீட்டில் வந்து தங்கச்சிக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

நடந்துவிட்ட பிறகு என்ன செய்வது என்பதற்கு ஆசிரியர்களுக்கு ஓர் ஒழுங்கு கொடுத்தார்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையோடு முதலில் தனியாகப் பேசுவது, செய்த பிள்ளைகளோடு ஒவ்வொருவராகப் பேசுவது, கூட்டமாகவும் வகுப்புக்கு முன்னாலும் பேசாமல் விடுவது, வகுப்பில் மற்றவர்கள் மதிக்கிற இரண்டு மூன்று பிள்ளைகளை இடைவேளையில் அவனோடு இருக்கும்படி அமைதியாகக் கேட்பது. பிறகு ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி வைத்து, ஒரு கிழமையிலும் மூன்று கிழமையிலும் திரும்பக் கேட்பது. மூன்றாம் கிழமை டீச்சர் என் மகனைக் கூப்பிட்டு "இப்ப எப்படி?" என்று கேட்டிருக்கிறார். கேட்பார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. கதவைப் பிடித்த பிள்ளைகளோடு என்ன பேசினார்கள் என்று நான் கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டார்கள். அன்று எனக்குக் கோபம் வந்தது. என் பிள்ளையைப் பற்றி அவர்களுடைய தாய்மார் கேட்டாலும் இதே பதில்தான் என்று மிஸ் சொன்னபோது கோபம் இறங்கியது.

குறைகளும் இருக்கின்றன. கையில் கொடுத்த சிறு புத்தகம் எங்கேயோ இருந்து மொழிபெயர்த்தது போல இருந்தது. படத்தில் மஞ்சள் பஸ்ஸும் பனித் தொப்பியும், எழுத்தில் "கொடுமைப்படுத்துதலுக்கு உள்ளாக்கப்படும் மாணவர்" என்ற மாதிரி வசனங்கள். தரம் மூன்று பிள்ளை அதை எழுத்துக் கூட்டி வாசித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். பட்டம் தெளிக்கிறது, நெளிக்கிறது, சேர்க்காமல் விடுகிறது என்று பிள்ளைகள் சொல்கிற சொற்களையே போட்டிருக்கலாம், மிஸ் வாயால் அப்படித்தானே பேசினார்.

வகுப்பில் வைத்த கடிதப் பெட்டியும் சரிவரவில்லை. பெயர் எழுதத் தேவையில்லை என்றாலும் எட்டு வயதில் யார் கையெழுத்து எது என்று எல்லாருக்கும் தெரியும், பெட்டிக்குக் கிட்டப் போகிறவனை எல்லாக் கண்ணும் பார்க்கும். இரண்டாம் கிழமைக்குப் பிறகு அதில் எதுவும் விழவில்லை. படத்தில் அத்தனை பேர் சிவப்பாக்கிய வானைப் பற்றி ஆறு கிழமையிலும் ஒரு சொல் பேசப்படவில்லை, சாரதிகளைக் கூப்பிடவும் இல்லை. இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

சனிக்கிழமைப் பெற்றோர் கூட்டத்துக்கு வந்த 29 பேரில் தகப்பன்மார் நாலு பேர். யுனெஸ்கோ 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகத்தில் மூன்றில் ஒரு மாணவர் அளவுக்கு, முந்தின ஒரு மாதத்துக்குள் ஒரு தடவையாவது சக மாணவர்களின் வதைக்கு ஆளாகியிருக்கிறார் என்று சேர் தொடங்கினார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது, என் வளர்ப்பில்தான் பிழை என்று அதுவரைக்கும் நினைத்திருந்தேன். ஒரு தகப்பன் எழும்பி, "செய்தவனுக்கு நாலு அடி போட்டா முடிஞ்சுது, என்னத்துக்கு சேர் இவ்வளவு கதை" என்றார், நிறையப் பேர் தலையாட்டினார்கள். கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை உடல் தண்டனையைத் தடை செய்கிறது என்பதை சேர் சொன்னார். அதோடு நிற்காமல், பெரியவன் சின்னவனை அடிக்கலாம் என்பதைத்தானே அந்தப் பிள்ளை நம்மிடமிருந்து படிக்கிறான் என்றும் கேட்டார். மண்டபம் அமைதியாகிவிட்டது. பாடசாலையில் தீராவிட்டால், அல்லது விசயம் பாரதூரமாகப் போனால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு எடுக்கலாம், காசில்லை, எந்த நேரமும் எடுக்கலாம், தமிழில் பேசலாம் என்று பலகையில் பெரிதாக எழுதிப் போட்டார்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் என்று ஒருவர் இருப்பது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது.

ஆனால் வீட்டில் நாங்கள் பேசுவதைப் பற்றி அவர்கள் இன்னும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கலாம். கருவாயன், தடியன், கட்டையன் என்று எங்கள் வாயிலிருந்துதான் முதலில் போகிறது. மாட்டுக்காரன் என்ற சொல் ஒரு பிள்ளையின் வீட்டில் படுவான்கரை ஆட்களைப் பற்றிப் பேசும்போது சாதாரணமாக வருகிற சொல்லாம். அந்தத் தாய் என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவர் சொன்னதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன்.

கூப்பிட நினைக்கிற பாடசாலைகள் ஆறு கிழமையையும் முழுதாகக் கேளுங்கள். ஒரு நாள் கருத்தரங்காகச் செய்து தரவும் ஆயத்தமாக இருக்கிறார்கள், அதை எடுக்காதீர்கள், பிள்ளைகளின் படத்தைப் பார்த்து ஏதாவது மாற்றுவதற்கே ஒரு கிழமை வேண்டும். புத்தகத்துக்கான காசைக் குறைக்கச் சொல்லுங்கள். அடுத்த தவணை தரம் நான்குக்குக் கேட்டிருக்கிறோம், இந்த முறை வான் சாரதிகள் இரண்டு பேரையும் பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிடுவதாக அதிபர் ஒத்துக்கொண்டிருக்கிறார், சனிக்கிழமை காலையில் ஓட்டம் இல்லாதபடியால் வருவதாக அவர்களும் சொல்லியிருக்கிறார்கள்.