லாஸ்பேட்டை ஞாயிறு வகுப்பு: டர்போ இயந்திரத்துக்குக் கலவை அமைத்தல்

கடலூர் ஓ.டி.யில் விசைப்படகுகளின் டீசல் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் குடும்பத்தில் வளர்ந்தவன் நான். எரிபொருள் கூடினால் சூடு கூடும், குறைந்தால் தணியும் என்பது எங்கள் வீட்டில் யாரும் கேள்வி கேட்காத செய்தி. விமானி உரிமத்துக்குப் படிக்கத் தொடங்கியபோதோ, பறக்கையில் எரிபொருளைக் குறைத்தால் சிலிண்டர் வெந்துபோகும் என்று எச்சரித்தார்கள். இந்தக் குழப்பத்தோடுதான், புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர் ஒருவர் தம் வீட்டு மாடியில் நடத்தும் நான்கு ஞாயிறு வகுப்பில் சேர்ந்தேன்.

முதல் நாளே விடை கிடைத்தது. செறிந்த கலவையிலிருந்து, அதாவது காற்றின் அளவுக்கு எரிபொருள் மிகுந்த நிலையிலிருந்து, எரிபொருளைக் குறைத்துக்கொண்டே வந்தால் வெளியேறும் புகையின் வெப்பம், அதாவது இ.ஜி.டி., ஏறி ஓர் உச்சத்தைத் தொடும். அதற்கு மேலும் குறைத்தால் இறங்கும். டீசல் இயந்திரம் எப்போதும் தேவைக்கு மிகுந்த காற்றோடு ஓடுவதால், அது உச்சத்துக்கு அப்பாலுள்ள மெலிந்த பக்கத்திலேயே இருக்கிறது. செறிந்த பக்கத்தில் எரிபொருளைக் குறைத்தால் சூடு ஏறும், மெலிந்த பக்கத்தில் தணியும்; ஆக அப்பா சொன்னதும் சரி, எச்சரித்தவர்கள் சொன்னதும் சரி என்று புரிந்த அன்று, ஊருக்குத் திரும்பும் பேருந்தில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

சிலிண்டர் தலையின் வெப்பம் மிகுவது இ.ஜி.டி. உச்சத்தில் அல்ல, செறிந்த பக்கத்தில் இ.ஜி.டி. அந்த உச்சத்தைவிட ஏறத்தாழ 50 டிகிரி ஃபாரன்ஹீட் குறைவாக இருக்கும் இடத்தில். சிக்கனம் என்று எண்ணிப் பலரும் கலவை நெம்புகோலை நிறுத்துவது அங்கேதான். வெளியேறும் புகையால் சுழலும் டர்பைனைக் கொண்ட டர்போசார்ஜர் இயந்திரத்துக்குள் அழுத்தி அனுப்பும் காற்று ஏற்கெனவே சூடாக இருப்பதால், டெட்டனேஷன் எனப்படும், கலவை சீராக எரியாமல் வெடித்தெரியும் நிலைக்கான இடைவெளி குறுகிவிடுகிறது. ஆகவே உயர்ந்த விசையில் அந்த இடத்தில் தங்கவே கூடாது என்பதை ஐயா மூன்று வாரமும் வலியுறுத்தினார். ஒன்று, நன்றாகச் செறிந்த பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லையேல் தயங்காமல் உச்சத்தைக் கடந்து மெலிந்த பக்கம் சென்றுவிட வேண்டும். அங்கே இழக்கும் விசையை மேனிஃபோல்ட் அழுத்தத்தை, அதாவது இயந்திரத்துக்குள் செல்லும் காற்றின் அழுத்தத்தை, கூட்டி ஈடுசெய்யலாம் என்பது டர்போ இயந்திரத்துக்கு வாய்த்த வசதி. மெலிந்த பக்கத்தில் விசையைத் தீர்மானிப்பது எரிபொருள் மட்டுமே என்பதால் கணக்கும் எளிது: சிலிண்டரின் அழுத்த விகிதம் (கம்ப்ரஷன் ரேஷியோ) 7.5 உள்ள இயந்திரத்தில் மணிக்கு 15 கேலன் என்றால், அந்த விகிதத்துக்குரிய எண்ணான 13.7ஆல் பெருக்க, சுமார் 205 குதிரைத்திறன்.

மூன்றாம் ஞாயிறு ஒன்றுக்காகவே முழுக் கட்டணத்தையும் கொடுக்கலாம். உண்மையான பறத்தலின்போது கருவி பதிவு செய்த எண்களை அச்சிட்டுக் கொடுத்து, ஆறு சிலிண்டர்களும் எந்தெந்த எரிபொருள் அளவில் உச்சத்தைத் தொடுகின்றன என்று எங்களையே தேடச் சொன்னார். முதலில் உச்சம் தொடும் சிலிண்டருக்கும் கடைசியாகத் தொடும் சிலிண்டருக்கும் இடையே மணிக்கு அரை கேலனுக்கு மேல் வேறுபாடு இருந்தால், மெலிந்த பக்கத்தில் இயந்திரம் உதறும். அது கலவையின் குற்றமல்ல, சிலிண்டர்களுக்கு எரிபொருளைச் செலுத்தும் இன்ஜெக்டர்களின் பொருத்தமின்மை. டர்போசார்ஜரின் டர்பைனுக்குள் நுழையும் புகையின் வெப்பத்துக்கான உச்சவரம்பு, காண்டினென்டல் டிஎஸ்ஐஓ-520 வகை இயந்திரங்கள் பலவற்றில் 1,650 டிகிரி ஃபாரன்ஹீட், தனி இ.ஜி.டி. எண்களைவிட ஏன் முக்கியம் என்பதும் அன்றுதான் தெளிந்தது.

மாடி அறையில் மதிய வெயில் கடுமை, அது பொறுக்கக்கூடியதே. என் உண்மையான மனக்குறை நான்காம் வாரத்தைப் பற்றியது. உயரத்தில் டர்போசார்ஜர் செயலிழந்தால் காற்றின் அழுத்தம் சட்டென்று விழும். எரிபொருள் அதே அளவில் பாய்வதால் கலவை மிதமிஞ்சிச் செறிந்து இயந்திரம் நின்றே போகலாம். அப்போது கலவையை மெலிதாக்கினால்தான் அது மீண்டும் உயிர்பெறும். உயிர் காக்கும் இந்தப் பாடத்துக்குப் பத்து நிமிடம்தான் ஒதுக்கப்பட்டது. இதை ஐயாவிடமே சொன்னேன். அடுத்த தொகுதியில் ஒரு மணி நேரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு மணி நேரத்துக்காக மட்டும் மறுபடி போகப் போகிறேன்.