முதல் ரிமோட் ஹெலிகாப்டர்: பொம்மையா, குட்டியா, 450-ஆ?

ரிமோட் ஹெலிகாப்டர் பழக நினைப்பவருக்கு மூன்று வழி உண்டு. முதலாவது, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ரோட்டர் (சுழலும் இறக்கைத் தொகுதி) வைத்த பொம்மை ரகம். இரண்டாவது, ஒரு சாண் நீளத்தில் ஒற்றை ரோட்டரும் வால் ரோட்டரும் உள்ள நாலு சேனல் குட்டி, அதாவது ஏற்ற இறக்கம், முன்பின், பக்கவாட்டு, திரும்புதல் என நாலு அசைவையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தலாம். டபிள்யூஎல்டாய்ஸ் வி911 இந்த வகை. மூன்றாவது, அலைன் டி-ரெக்ஸ் 450 அளவில், இறக்கையின் கோணத்தையே மாற்றிப் பறக்கும் கலெக்டிவ் பிட்ச் ரகம். நான் வாங்கியது குட்டியை, கூடவே கம்ப்யூட்டர் திரையில் பறக்கப் பழக ஒரு சிமுலேட்டர். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

பொம்மை ரகத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சைமா எஸ்107 போன்றவற்றில் இரண்டு ரோட்டரும் எதிரெதிராகச் சுற்றுவதால் உடம்பு திரும்பாமல் தானாகவே நிற்கும். பக்கவாட்டில் நகர வழியே கிடையாது. இன்ஃப்ராரெட் ரிமோட் என்பதால் வெயிலில் சிக்னலும் தடுமாறும். வீட்டுக்குள் குழந்தைகளோடு விளையாட அருமை. ஆனால் ஹெலிகாப்டர் ஓட்டுவதில் எது கஷ்டமோ, அதை அது சொல்லித் தராது.

450-ஐ அப்படி ஒதுக்க முடியாது. ‘பெரியதில் ஆரம்பி, அதுதான் ஆடாமல் நிற்கும்’ என்று மைதானத்தில் பழைய ஆட்கள் சொல்வது உண்மைதான். காற்றைத் தாங்கும், தூரத்திலிருந்தும் மூக்கு எந்தப் பக்கம் என்று தெரியும், ஸ்டிக்கை அசைத்ததும் சொன்னபடி கேட்கும். பறப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் குட்டி தோற்றுவிடும். ஆனால் புதிதாகப் பழகுகிறவரின் ஹெலிகாப்டர் விழும், அடிக்கடி விழும். விழுந்த பிறகு எவ்வளவு நேரத்தில் மறுபடி மேலே போகிறது என்பதை வைத்துத்தான் நான் முடிவெடுத்தேன்.

450 இடுப்பு உயரத்திலிருந்து சரிந்து விழுந்தாலே போதும். முதலில் போவது இரண்டு பெரிய இறக்கைகள். அவற்றைத் தலையோடு இணைக்கும் ஃபெதரிங் ஷாஃப்ட் வளையும். பெரும்பாலும் ரோட்டரைத் தாங்கிச் சுழலும் மெயின் ஷாஃப்டும் கூடவே வளையும். மோட்டார் சுழற்சியை ரோட்டருக்குக் கடத்தும் மெயின் கியரில் நாலைந்து பல் உடையும். இறக்கைக் கோணத்தை அசைக்கும் சின்ன மோட்டார்களான செர்வோக்களுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பல் உடையும். இறக்கை வால் குழாயில் வெட்டினால் அதுவும் மாற்ற வேண்டும். ஷாஃப்ட் வளைந்ததைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கழற்றி ஒரு கண்ணாடிமேல் உருட்ட வேண்டும், தள்ளாடினால் போச்சு. எல்லாவற்றையும் மாற்றிய பிறகு செர்வோ அசைவை இறக்கைக்குக் கொண்டுபோகும் ஸ்வாஷ்பிளேட் தட்டை மட்டம் பார்த்து, பிட்ச் (இறக்கைக் கோணம்) அளந்து, இரண்டு இறக்கையும் ஒரே தளத்தில் சுற்றுகின்றனவா என்று சரிபார்த்து... ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அதுவும் ஸ்பேர் கையில் இருந்தால்தான். உள்ளூர் பொம்மைக் கடையில் ஃபெதரிங் ஷாஃப்ட் கிடைக்காது, பார்சல் வரும்வரை ஹெலிகாப்டர் அலமாரியில்தான்.

குட்டி விழுந்தால் என்ன ஆகும்? அதன் எடை சில பத்து கிராம்தான். தரையில் மோதியதும் பிளாஸ்டிக் இறக்கை வளைந்து நிமிரும், இல்லையென்றால் கழன்று விழும், எடுத்து மாட்டினால் சரி. அடிக்கடி போவது வால்தான். மெல்லிய கார்பன் குச்சி முறியும், அல்லது வால் மோட்டாருக்குப் போகும் தலைமுடி போன்ற ஒயர் அறும். சாலிடரிங் இரும்பும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் மாலைக்குள் பறக்கும். இரண்டு செட் இறக்கை, ஒரு வால், நாலு பேட்டரி என்று முதலிலேயே சேர்த்து வாங்கிவிட்டால் மாதக்கணக்கில் ஓடும். ஒரு சார்ஜுக்கு ஐந்தாறு நிமிடம்தான் பறக்கும், அதனால் பேட்டரியில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பாதுகாப்பும் சும்மா பேச்சில்லை. 450-இன் ஒவ்வொரு இறக்கையும் சுமார் 325 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 2,700 சுற்று என்றால் நுனி மணிக்கு 350 கிலோமீட்டரைத் தாண்டும். 2013-ல் நியூயார்க்கில் ஒரு பூங்காவில், நன்றாகப் பழகிய இளைஞர் ஒருவரே தன் மாடல் ஹெலிகாப்டர் இறக்கை பட்டு இறந்தார். அது 450-ஐவிடப் பெரியது, ஆனாலும் 450-ஐ மொட்டைமாடியில் பழகலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

குட்டிக்கும் குறை உண்டு. மரக்கிளை அசையும் அளவு காற்றடித்தாலே அடித்துக்கொண்டு போய்விடும். இறக்கைக் கோணம் மாறாது, மோட்டார் வேகம்தான் மாறும், அதனால் உயரம் சற்றுத் தாமதமாகவே மாறும். இன்னொன்று, பயந்தால் த்ராட்டிலை (மேலே ஏற்றும் ஸ்டிக்கை) இறக்கும் பழக்கம் வந்துவிடும். குட்டியில் அது காப்பாற்றும். கலெக்டிவ் பிட்சின் ஸ்டன்ட் மோடில், அதாவது தலைகீழாகவும் பறக்கும் அமைப்பில், அதே அசைவு ஹெலிகாப்டரைத் தரையை நோக்கித் தள்ளும், அங்கே மோட்டாரை நிறுத்தும் த்ராட்டில் ஹோல்ட் ஸ்விட்சைத் தட்டப் பழக வேண்டும். சிமுலேட்டர் எதற்கு என்றால் இதற்குத்தான். அதோடு, மூக்கு நம்மைப் பார்த்து நிற்கும்போது இடதும் வலதும் மாறிவிடும். அப்படி ஒரே இடத்தில் அந்தரத்தில் நிறுத்தும் ஹோவரைப் பழகும்போது, திரையில் எத்தனை முறை உடைத்தாலும் செலவில்லை. ரியல்ஃப்ளைட் மாதிரி ஒரு சிமுலேட்டரும், யூஎஸ்பி வழியாக இணையும் டிரான்ஸ்மிட்டரும் (ரிமோட்) போதும்.

நடுவில் இன்னொரு ரகம் வந்திருக்கிறது. எக்ஸ்கே கே110, ஓஎம்பிஹாபி எம்2 போன்ற சின்ன கலெக்டிவ் பிட்ச். எம்2-வில் ரோட்டரை மோட்டாரே நேரடியாகச் சுற்றுவதால், உடைய மெயின் கியரே கிடையாது. என்னிடம் இவை இல்லை, மற்றவர்கள் பறக்கவிட்டதைப் பார்த்ததோடு சரி. அடுத்து வாங்கினால் அந்தப் பக்கம்தான் போவேன். 450-க்கு நேராகத் தாவ மாட்டேன்.

அப்படியும் யாராவது பழைய 450-ஐ மலிவாகத் தருகிறேன் என்றால், இறக்கையைக் கழற்றிவிட்டு மோட்டாரைச் சுற்றச் சொல்லிப் பாருங்கள். உடம்பு அதிர்ந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கும். லிப்போ பேட்டரி உப்பியிருந்தால் அதன் விலையைக் கழித்துப் பேசுங்கள், அந்தப் பேட்டரியை வீட்டுக்கே கொண்டுவராதீர்கள்.