புயலுக்கு வாங்கிய எமர்ஜென்சி லைட்: 3 ஸ்டார்

2023 டிசம்பர் 3, ஞாயிறு மாலை. மிக்ஜாம் புயலுக்காகச் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்கு மறுநாள் விடுமுறை விட்டாயிற்று. மகள் லீவு குஷியில் குதிக்க, நான் வேளச்சேரியில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் 650 ரூபாய்க்கு இந்த லைட்டை வாங்கினேன். "ராத்திரியே சார்ஜ் போட்டுடுங்க சார், காலையில கரண்ட் இருக்காது" என்றார் கடைக்காரர். வாய் முகூர்த்தம், அப்படியே பலித்தது.

அட்டையில் 8 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. முழு வெளிச்சத்தில் மூன்றரை மணி நேரம்தான். ஆனால் மங்கலாக வைத்தால் விடியும்வரை தாங்கியது. தண்ணீர் எத்தனையாவது படிவரை ஏறியிருக்கிறது என்று பார்க்க அந்த வெளிச்சம் தாராளம். கைப்பிடி மட்டும் வழவழப்பு, ஈரக் கையில் நிற்காது. இதிலேயே போனுக்கும் சார்ஜ் ஏற்றலாமாம். 12 சதவீதம் ஏறியதும் லைட் படுத்துவிட்டது, அப்புறம் மெழுகுவத்திதான்.

வாங்குபவர்களுக்கு ஒன்று: பச்சை விளக்கு சீக்கிரமே எரிந்துவிடும், நம்பாதீர்கள். மேலும் இரண்டு மணி நேரம் பிளக்கிலேயே விடுங்கள்.