எலக்ட்ரானிக் டிரம்ஸ்: எந்த மென்பொருளில் வாசித்தால் நல்ல ஒலி?

விலை குறைந்த எலக்ட்ரானிக் டிரம்ஸில் ஸ்னேர் டிரம்மில் ஒரு ரோல் (இடைவிடாத வேகமான அடிகள்) வாசித்தாலே, ஒலியைத் தரும் பெட்டியான மாட்யூலின் சாயம் வெளுத்துவிடும். ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஒலிப்பதால் தையல் மெஷின் ஓடுவதுபோல் கேட்கும். குறை அடி வாங்கும் பேடில் இல்லை. அதில் விழும் ஒவ்வொரு அடியின் பலமும் 1 முதல் 127 வரை ஓர் எண்ணாகிவிடுகிறது. அந்த எண்ணுக்கு எந்த ஒலியைத் தருவது என்பதில்தான் மாட்யூல் கஞ்சத்தனம் காட்டுகிறது. யுஎஸ்பி கேபிள் வழியாக அதே எண்களை லேப்டாப்புக்கு அனுப்பினால், உண்மையான டிரம்மை மெதுவாகவும் பலமாகவும் பலமுறை அடித்துச் சேர்த்த பதிவுகளிலிருந்து மென்பொருள் ஒலியை எடுத்துக் கொடுக்கும்.

இலவசத்தில் இரண்டைச் சொல்லலாம். எம்டி பவர் டிரம் கிட் 2-இல் இருப்பது ஒரே ஒரு கிட் (டிரம்ஸ் தொகுப்பு). ராக், பாப் பாட்டுக்குக் கணக்காக உட்காரும். கீபோர்டில் தட்டி டிராக் போடுகிறவர்களுக்கு நல்ல தொடக்கம். ஸ்டீவன் ஸ்லேட் டிரம்ஸ் 5.5-இன் இலவசப் பதிப்பு இதைவிட ஒரு படி மேல். ஸ்னேரும் காலால் அடிக்கும் கிக்கும் ஏற்கெனவே மிக்ஸ் செய்ததுபோல் நெஞ்சில் வந்து அடிக்கும். ஆனால் மென்மையான ஜாஸ் வாசிப்புக்கு அந்த முரட்டுத்தனம் ஒத்துவராது.

காசு கொடுத்து வாங்குவதில் உண்மையான போட்டி அடிக்டிவ் டிரம்ஸ் 2-க்கும் சுப்பீரியர் டிரம்மர் 3-க்கும்தான். இரண்டும் ஸ்வீடன் நிறுவனங்களுடையவை. சுப்பீரியர் 2017-இல் வந்தது. பெல்ஜியத்தின் கேலக்ஸி ஸ்டுடியோவில் ஒலிப்பதிவுப் பொறியாளர் ஜார்ஜ் மாசன்பர்க் பதிவுசெய்த ஒலிகள். மொத்தம் சுமார் 230 ஜிபி. அறையின் எதிரொலிக்குத் தனி மைக்குகள், ஸ்னேர் அடிக்கும்போது மற்ற மைக்குகளில் கசியும் ஒலி, எல்லாம் உள்ளே இருக்கின்றன. ஒரு டாம் டிரம்மைத் தட்டினால் அறையே சேர்ந்து அதிர்வதை ஹெட்போனில் கேட்கலாம். அந்த அனுபவம் எனக்கு இன்னும் சலிக்கவில்லை. அதற்கு வேகமான எஸ்எஸ்டி வேண்டும், தாராளமான ரேம் வேண்டும். அடிக்டிவ் அப்படிக் கேட்பதில்லை. அதன் கிட்கள் சில ஜிபிக்குள் அடங்கும், பழைய லேப்டாப்பிலும் சட்டென்று திறக்கும், கேட்ட உடனே பிடிக்கிற மாதிரி பிரீசெட்களும் (தயாராக அமைத்த ஒலிகள்) உண்டு. தினமும் மாலையில் ஒரு மணி நேரம் பயிற்சி செய்கிறவருக்கு நான் அடிக்டிவைத்தான் சொல்வேன். பாட்டுக்கு டிராக் பதிவுசெய்து மிக்ஸும் செய்யப் போகிறவர் மட்டும் சுப்பீரியருக்குச் செலவழிக்கலாம்.

இந்த இரண்டில் எதை வாங்கினாலும் காலால் திறந்து மூடும் ஜோடித் தட்டான ஹை-ஹாட்டில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். பெடல் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை நல்ல மாட்யூல் தொடர்ச்சியாக எண்களாக அனுப்பும். மென்பொருள் அதைப் பார்த்து மூடியது, கால்வாசி திறந்தது, பாதி திறந்தது என்று பல ஒலிகளைப் பொருத்தும். மலிவான சில கிட்களில் பெடல் வெறும் சுவிட்ச் மாதிரி: மூடு, திற, அவ்வளவுதான். அப்படிப்பட்ட பெடலில் 230 ஜிபி இருந்தும் அந்தப் பாதி திறந்த உரசல் ஒலி வராது. அதனால் முதலில் உங்கள் பெடலைப் பாருங்கள், அப்புறம் மென்பொருள் விலையைப் பாருங்கள்.

அடுத்தது தாமதம், அதாவது அடித்த பிறகு ஒலி வர ஆகும் நேரம். நொடிக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் பஃபர் (கணினி ஒரு தடவையில் சேர்த்து அனுப்பும் சாம்பிள்களின் எண்ணிக்கை) 512 என்றால் அதற்கு மட்டும் கிட்டத்தட்ட 12 மில்லி செகண்ட் போகும். கை முந்தும், காது பிந்தும். 128-க்கு இறக்கினால் 3-க்குள் வந்துவிடும். உண்மையான ஸ்னேரின் ஒலி காதுக்கு வரவே 2 மில்லி செகண்ட் ஆகிறது என்பதால் இந்த அளவு உறுத்தாது. விண்டோஸில் தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ டிரைவர் கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ் (கணினியோடு இணைக்கும் ஒலிக் கருவி) அவசியம். மேக்கில் பெரும்பாலும் அப்படியே ஓடும். ப்ளூடூத் ஹெட்போன் மட்டும் வேண்டாம்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இலவச மென்பொருளில் உட்கார்ந்து மிக மெல்லிய அடியான கோஸ்ட் நோட் முதல் முழு பலம் வரை வாசித்துப் பார்த்து, மாட்யூலின் வெலாசிட்டி கர்வை (அடியின் பலத்தை எண்ணாக மாற்றும் அமைப்பை) உங்கள் கைக்கு ஏற்றபடி மாற்றுங்கள். பாதி பலத்திலேயே எண் 127-ஐத் தொட்டுவிட்டால், விலை உயர்ந்த மென்பொருளும் அந்த உரத்த பதிவுகளை மட்டுமே திரும்பத் திரும்ப ஒலிக்கும்.