பழைய டீசல் பிக்கப்புக்குப் பெரிய பிரேக் சர்வோ போடப் போகிறீர்களா? என் கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய டீசல் பிக்கப்பை வைத்துக்கொண்டு செம்பனைக் குலை ஏற்றுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்குக் கிட்டத்தட்ட 2,300 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) போயிற்று. வண்டி கால்வாயில் கவிழாமல் நின்றது யார் செய்த புண்ணியமோ தெரியவில்லை.

என்னுடையது 1994ஆம் வருட ஹைலக்ஸ், 2.4 லிட்டர் டீசல். தோட்ட வேலை முடிந்து வந்த ஈபிஎஃப் பணத்தில் அப்பா வாங்கியது. அதனால் விற்க மனசு வரவில்லை. லிந்தாங் ரோட்டுக்கு உள்ளே எங்களுக்குக் கொஞ்சம் செம்பனை இருக்கிறது. மாதம் இரண்டு தடவை குலை வெட்டி ரேம்புக்கு (குலையை எடை போட்டு வாங்குகிற இடம்) ஏற்றுவோம். போன வருஷக் கடைசியில் பிரேக் ஒரு மாதிரி ஆனது. முதல் மிதி நன்றாக இருக்கும். அடுத்தடுத்து இரண்டு மூன்று தடவை மிதித்தால் பெடல் மரக்கட்டை மாதிரி இறுகிவிடும்.

மச்சான் ஒரு வொர்க்‌ஷாப்பைக் காட்டினார். பெயர் எழுதப்போவதில்லை, வழக்கு நடக்கிறது. நம் பையன்தான், முப்பது வயசு இருக்கும், நல்ல பேச்சு. பானெட்டைத் திறந்து சர்வோவை இரண்டு தட்டு தட்டினான். சர்வோ என்பது காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடத்தின், அதாவது வேக்குவத்தின், பலத்தால் நம் பிரேக் மிதிக்குத் துணை செய்கிற உருண்டை டப்பா.

"அண்ணே, இது சின்ன சர்வோ. லோடு ஏத்துற வண்டிக்கு டபுள் போடணும். ஹாஃப் கட்ல வந்த நல்ல சாமான் இருக்கு, மாஸ்டர் பம்போட சேத்தே மாத்திடலாம். அப்புறம் பாருங்க, ஒரு விரல்ல அமுக்குனாலும் நிக்கும்."

ஹாஃப் கட் என்றால் வெளிநாட்டிலிருந்து பாதியாக வெட்டி இறக்கிய பழைய வண்டி. மாஸ்டர் பம்ப் என்பது பெடல் மிதியைப் பிரேக் எண்ணெயின் அழுத்தமாக மாற்றுகிற பம்ப். 1,450 வெள்ளி என்றான். சரி என்றேன். இப்போது யோசித்தால்தான் உறைக்கிறது: அவன் இன்ஜினைக்கூட ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் வண்டி எடுக்கப் போனேன். சர்வோ கறுப்புப் பெயிண்டில் பளபளவென்று இருந்தது. "பழசு எங்கே தம்பி?" என்று கேட்டேன். "அத இரும்புக்காரன் தூக்கிட்டுப் போயிட்டான் அண்ணே." பில்லில் ஒரே வரி: பிரேக் செட், 1,450. எந்த வண்டியின் சர்வோ, எந்த அளவு மாஸ்டர் பம்ப், கூலி எவ்வளவு, ஒன்றும் இல்லை. நானும் மடையன் மாதிரி பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

காலி வண்டியாகப் பட்டணத்தில் ஓட்டிய மூன்று நாளும் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாலாம் நாள் குலை ஏற்றிக்கொண்டு வந்தேன். பாதி வழியிலேயே ஏதோ கருகிய வாடை. இறங்கி முன் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றினால் தோசைக்கல்லில் தெளித்த மாதிரி சொய்ங் என்றது. ஆறட்டும் என்று கால் மணி நேரம் நிறுத்திவிட்டு மெதுவாகக் கிளம்பினேன். இறக்கம் வந்தது. முதல் மிதியில் வேகம் குறைந்தது. இரண்டாவது மிதி பாதி. மூன்றாவது மிதிக்குப் பெடல் இறங்கவே இல்லை, கருங்கல்லை மிதித்த மாதிரி இருந்தது. இரண்டாம் கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, புல் ஓரமாக உரசி ஒரு வழியாக நிறுத்தினேன். முன் டயருக்கும் கால்வாய்க்கும் நடுவே என் செருப்பு அகலம்தான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி மகன் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தப் பையனுக்குப் போன் போட்டேன். "லோடு ஓவர் அண்ணே" என்றான். அதற்கப்புறம் வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் மட்டும்தான் பதில்.

கோலகங்சார் பக்கம் வண்டி ரிப்பேர் பார்க்கிற ஒரு வயசான சீனத் தவுக்கே (முதலாளி) இருக்கிறார். சின்ன வயசில் தோட்டத்து மளிகைக் கடையில் வளர்ந்தவர், தமிழ் நன்றாகவே பேசுவார். வண்டியை இழுத்துக்கொண்டு போனேன். அவர் ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால், இன்ஜினை நிறுத்திவிட்டுப் பெடலை நாலைந்து தடவை மிதிக்கச் சொன்னார். இறுகியதும் காலை எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணு என்றார். வேக்குவம் இருந்தால் ஸ்டார்ட் ஆனதும் பெடல் காலுக்கடியில் கொஞ்சம் அமுங்கும். என் பெடல் அசையவில்லை. சர்வோவுக்குப் போகிற ஹோஸைக் கழற்றி வேக்குவம் மீட்டர் மாட்டினார். முள் 11இல் நின்றது. 20க்கு மேல் போக வேண்டும் என்றார். "ஆங்கின் தாக் சுக்குப்" என்று மலாயில் சொல்லி, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழில், "உறிஞ்ச காத்து இல்ல தம்பி. சர்வோ பாவம், அது என்ன செய்யும்?"

விஷயம் இதுதான். பெட்ரோல் வண்டியில் இன்ஜின் மூச்சு இழுக்கிற குழாயிலிருந்தே சர்வோவுக்கு வேக்குவம் கிடைத்துவிடும். நம்முடைய மாதிரிப் பழைய டீசலில் காற்றை அடைக்கிற திராட்டில் கிடையாது, அதனால் அங்கே வேக்குவமும் பிறக்காது. அதற்காகத்தான் ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒரு குட்டி பம்ப் வைத்திருக்கிறார்கள். என் வண்டியில் தேய்ந்து போயிருந்தது அந்தப் பம்ப். ஆரம்பத்திலிருந்தே கோளாறு அங்கேதான், சர்வோவில் இல்லை. டபுள் சர்வோவுக்கு ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் அதிகமாக உறிஞ்ச வேண்டும். குடத்தைப் பெரிதாக்கினால் கிணற்றில் தண்ணீர் ஊறிவிடுமா?

மாஸ்டர் பம்ப் கதை இன்னும் மோசம். பழையதில் 7/8 என்று வார்த்திருந்தது, பிஸ்டனின் குறுக்களவு, அங்குலத்தில். முன்பு ரப்பர் கப் வாங்கும்போது நோட்டில் குறித்து வைத்திருந்தேன். இவன் மாட்டியதில் 1 என்று இருந்தது. பெரிசு என்றால் நல்லது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நேர் எதிர். பிஸ்டன் பருமனானால் அதே மிதிக்குப் பிரேக் எண்ணெயில் ஏறுகிற அழுத்தம் கிட்டத்தட்ட 23 விழுக்காடு குறையும். பெடல் குட்டையாக, கெட்டியாக இருக்கும்; நிறுத்துவதற்குக் காலில்தான் பலம் வேண்டும்.

சக்கரம் ஏன் கருகியது? சர்வோவிலிருந்து மாஸ்டர் பம்பைத் தள்ளுகிற கம்பியின் நீளத்தை அவன் சரி பார்க்கவே இல்லை. அது நீளமாக இருந்தால் காலை எடுத்த பிறகும் பிஸ்டன் முழுசாகத் திரும்பாது, எண்ணெய் திரும்புகிற துளை மூடியே இருக்கும், பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடும். தவுக்கே மாஸ்டர் பம்பைத் தளர்த்தி இடைவெளி காட்டியபோது எனக்கே தெரிந்தது.

கடைசியாக அந்த ஹோஸைக் கையில் கொடுத்தார். சாதாரணத் தண்ணீர்க் குழாய். வேக்குவம் இழுத்தால் சப்பிப் போகிற ரகம். நடுவில் இருக்க வேண்டிய ஒருவழி வால்வும் இல்லை.

ஆல்டர்னேட்டர் பம்போடு ரீகண்டிஷன் 380, பழைய அளவிலேயே சர்வோவும் மாஸ்டர் பம்பும் 250, ஹோஸ், வால்வு, பிரேக் எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்து 200. ஆக 830 வெள்ளி. முதலிலேயே இவரிடம் போயிருந்தால் அந்த 380க்கு மேல் கொஞ்சம் கூலியோடு முடிந்திருக்கும். கழற்றிய சாமான் எல்லாவற்றையும் கேட்காமலேயே சாக்கில் போட்டு வண்டியில் வைத்தார். பில்லில் ஒவ்வொன்றும் தனித்தனி வரி.

மச்சான் இன்னும், "நம்ம பையன், பேசி முடிச்சுக்கலாமே" என்கிறார். நம்ம பையன்தான் என் தம்பி மகனைக் கால்வாய் ஓரம் கொண்டுபோய் நிறுத்தினான். நான் பயனீட்டாளர் டிரிபூனலில் மனு போட்டுவிட்டேன். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம், வக்கீல் தேவையில்லை. ஒரு வரி பில், இரண்டாவது பில், மீட்டர் முள் 11இல் நிற்கிற படம், 7/8 எழுதிய நோட்டு எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கிறது. அந்தச் சப்பிப் போன ஹோஸ் ஃபைலுக்குள் அடங்கவில்லை. பிஸ்கட் டின்னில் சுருட்டிப் போட்டு, விசாரணைத் தேதிக்காகச் சாமி மேடைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.