ஹை பெர்ஃபோமன்ஸ் எஸ்எஸ்டி எண்டு விக்கிற கிளவுட் ரீசெல்லர்மாரிட்ட கவனம்

கொழும்பில கிளவுட் சேர்வர் எடுக்கப் போற சின்ன கொம்பனிக்காரர் இதைக் கட்டாயம் வாசியுங்கோ, முக்கியமா ஏடபிள்யூஎஸ்ஸை (அமேசன்ட கிளவுட் சேவை) நேரா எடுக்காம இங்க இருக்கிற ரீசெல்லர் மூலமா ரூபாயில பில் கட்டி எடுக்கிற ஆக்கள். கொம்பனிட பேரைப் போட வேண்டாம் எண்டு எங்கட லோயர் சொல்லிட்டார், அதால பேர் இல்ல, ஆனா நடந்தது நடந்தபடி.

நான் வேலை செய்யிறது புறக்கோட்டையில ஒரு துணி மொத்த வியாபாரக் கடையில, ஸ்டொக், பில்லிங், கணக்கு எல்லாம் ஒரே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், சேர்வர் மும்பை ரீஜியன்ல. கொட்டேஷன்ல ஸ்டோரேஜுக்குத் தனி லைன் போட்டிருந்தவை: ஹை பெர்ஃபோமன்ஸ் எஸ்எஸ்டி, 200 கிகாபைட், 3000 ஐஒப்ஸ். ஐஒப்ஸ் எண்டா டிஸ்க் ஒரு செக்கனுக்கு எத்தினை தரம் வாசிச்சு எழுதும் எண்ட கணக்கு, டேட்டாபேஸுக்கு அதுதான் உயிர். விலை கூடத்தான், எண்டாலும் டிஸ்கில போய் மிச்சம் பிடிக்கக் கூடாது எண்டு முதலாளியே ஓம் எண்டிட்டார்.

டெமோவுக்கு வந்த பெடியன் முதல்ல டிடி கமாண்டால ஒரு பெரிய ஃபைலை எழுதிக் காட்டினான், செக்கனுக்கு கிகாபைட் கணக்கில ஸ்பீட் வந்திச்சு. அது டிஸ்கிட ஸ்பீடே இல்ல, ரேமிட ஸ்பீட். டைரக்ட் எண்ட ஒப்ஷன் போடாட்டி லினக்ஸ் முதல்ல கேஷில எழுதிட்டு முடிஞ்சுது எண்டு சொல்லிடும். பிறகு டிஸ்கிட ஐஒப்ஸை அளக்கிற ஃபியோ எண்ட டெஸ்டும் கொஞ்ச நேரம் ஓட்டினான், 3000 வந்திச்சு, அது உண்மையான 3000தான். அதுக்குள்ளதான் விளையாட்டே இருக்கு.

மாசக் கடைசியில ஸ்டொக் குளோஸ் பண்ணேக்கதான் பிரச்சினை தொடங்கினது. தொடங்கேக்க நல்லா ஓடும், அரை மணித்தியாலம் கடந்த பிறகு எல்லாம் இழுபடும், கணக்கு செய்யிற அக்கா ராத்திரி எட்டு மணி கடந்தும் கந்தோரில இருந்து ஸ்கிரீனைப் பாத்துக்கொண்டு இருப்பா, கடைசி பஸ்ஸைப் பிடிக்கோணும் எண்ட அவசரம் வேற. சப்போர்ட்டுக்கு எடுத்தா உங்கட குவெரி சரியில்ல எண்டினம், இண்டெக்ஸ் போடுங்கோ எண்டினம், பிறகு பெரிய சேர்வருக்கு மாறச் சொல்லி அதுக்கும் காசு கூட்டிச்சினம். கொன்சோலை, அதாவது சேர்வர், டிஸ்க் விபரம் எல்லாம் தெரியிற ஏடபிள்யூஎஸ் பக்கத்தை, பாக்கிறதுக்கு மட்டும் ஒரு லொகின் தாங்கோ எண்டு கேட்டா செக்கியூரிட்டி பொலிஸி, தர ஏலாது.

நான் டிஸ்க் ஓடுறதைக் காட்டுற ஐஓஸ்டாட் கமாண்டைப் போட்டு விட்டுப் பாத்துக்கொண்டிருந்தன். ரீட்டையும் ரைட்டையும் கூட்டினா 600, 598, 601, 600. ஆரோ கோடு கீறி விட்ட மாதிரி 600க்கு மேல போகவே இல்ல, கியூ மட்டும் நீண்டுகொண்டே போகுது. 200 தர 3, 600. அப்பவே விளங்கிட்டு.

விஷயம் என்னெண்டா, ஏடபிள்யூஎஸ்ஸில ஜீபீ2 எண்டு ஒரு பழைய டிஸ்க் வகை இருக்கு. அதில ஒரு கிகாபைட்டுக்கு 3 ஐஒப்ஸ்தான் நிரந்தரமாக் கிடைக்கும், ஆனா சின்ன டிஸ்க் எண்டா கிரெடிட் (கூடின வேகத்துக்கெண்டு சேத்து வச்ச இருப்பு) முடியும் வரைக்கும் 3000 வரை ஓடும். கூரையில இருக்கிற டாங்கியில தண்ணி இருக்கும் மட்டும் பைப் நல்லாப் பாயும், முடிஞ்சா மெயின் லைன்ல வாற அளவுதான், அதே கதை. கிரெடிட் மொத்தம் 54 லட்சம், 200 கிகாபைட் டிஸ்கை முழு வேகத்தில ஓட்டினா ஏறக்குறைய 37 நிமிஷத்தில காலி. டெமோ அதுக்குள்ள முடிஞ்சிடும், எங்கட மாசக் குளோஸிங் முடியாது.

பிறகு ஒரு நாள் அவையிட இஞ்சினியர் வேற ஒரு அலுவலுக்கு ஸ்கிரீன் ஷெயார் பண்ணேக்க எங்கட டிஸ்கிட விபரம் இருக்கிற வொலியூம் பக்கம் திறந்து கிடந்தது. டைப் ஜீபீ2, சைஸ் 200, ஐஒப்ஸ் 600. நான் உடனே ஸ்கிரீன்ஷொட் எடுத்திட்டன். மிச்சக் கிரெடிட்டைக் காட்டுற பேர்ஸ்ட் பலன்ஸ் கிராஃபையும் காட்டச் சொன்னன், மாசக் கடைசியில நேரா பூச்சியத்துக்கு விழுந்திருக்கு. அந்த மனுசன் ஒண்டும் கதைக்கேல்ல.

இப்ப காசைப் பாருங்கோ, வேர்ஜீனியா ரீஜியன்ட லிஸ்ட் விலையில சொல்றன், மும்பையில கொஞ்சம் கூட வரும். ஜீபீ2 கிகாபைட்டுக்கு மாசம் 10 அமெரிக்க சதம், ஆக 200க்கு 20 டொலர். ஐஓ1 எண்ட வகையில ஐஒப்ஸுக்குத் தனியாக் கட்டோணும், 200 கிகாபைட்டுக்கு 25 டொலர், 3000 ஐஒப்ஸுக்கு 195, மொத்தம் 220. எங்களிட்ட வாங்கினது இந்த ஐஓ1 அளவு காசு, தந்தது ஜீபீ2. ஜீபீ2க்கு ஐஒப்ஸைத் தனியா விக்கிறதே இல்ல, அப்ப பில்லில இருந்த 3000 ஐஒப்ஸ் எங்கயிருந்து வந்தது? டொலர் 300 ரூபா எண்டு பிடிச்சாலும் மாசம் 60,000 ரூபா சும்மா போயிருக்கு, அதுக்கு மேல 18 வீதம் வாட்.

எனக்கு ஆகக் கூடின ஆத்திரம் வந்தது இதுக்குத்தான்: 2020 டிசம்பர்லயே ஜீபீ3 வந்திட்டு. அதில டிஸ்க் எவ்வளவு சின்னனா இருந்தாலும் 3000 ஐஒப்ஸும் செக்கனுக்கு 125 மெகாபைட்டும் நிரந்தரம், கிரெடிட் எண்ட கதையே இல்ல, விலை 8 சதம். 200க்கு 16 டொலர். 6000 ஐஒப்ஸ் வேணுமெண்டாலும் இன்னொரு 15 டொலர்தான். ஐஓ2 மாதிரி டிஸ்க் தேவையான இடங்கள் இருக்கு, ஒரு மில்லிசெக்கனுக்குள்ள பதில் வரோணும், லட்சக்கணக்கில ஐஒப்ஸ் வேணும் எண்டவைக்கு அது சரி. துணிக்கடைக்கு அது தேவையில்ல. ஜீபீ3க்கு மாத்துங்கோ எண்டு கேட்டதுக்கு மைகிரேஷன் ஃபீஸ் கேட்டவை, ஞாயித்துக்கிழமை சேர்வரை நிப்பாட்டோணுமாம். பொய். சேர்வர் ஓடிக்கொண்டிருக்கேக்கயே மாத்தலாம், கொன்சோல்ல ரெண்டு மூண்டு கிளிக்.

மைக்ரோசொஃப்ட்ட அஷூர் கிளவுட் எண்டாலும் இதைக் கவனியுங்கோ. பிரீமியம் எஸ்எஸ்டியில பி10 128 கிகாபைட், 500 ஐஒப்ஸ், பி20 512க்கு 2300, பி30 ஒரு டெராபைட்டுக்கு 5000. சின்ன டிஸ்குகளுக்கு அங்கயும் அரை மணித்தியால பேர்ஸ்ட் (கொஞ்ச நேரத்துக்கு மட்டும் கூடின வேகம்) இருக்கு, டெமோவில அதே வித்தையைக் காட்டலாம். பிரீமியம் எஸ்எஸ்டி வி2 எண்டா 3000 ஐஒப்ஸ் அடிப்படையிலயே வருது, அதைக் கேளுங்கோ.

ஆரும் டெமோ காட்ட வந்தா ஃபியோவை டைரக்ட் போட்டு, 4கே ரண்டம் (4 கிலோபைட் துண்டுகளா அங்கயிங்க வாசிச்சு எழுதிறது), ஒரு மணித்தியாலத்துக்கு மேல ஓட்டச் சொல்லுங்கோ, கடைசிப் பத்து நிமிஷ நம்பரைத்தான் பாக்கோணும். சேர்வருக்கும் ஒரு எல்லை இருக்கு, ஏடபிள்யூஎஸ்ஸில எம்5 லார்ஜ் எண்ட சேர்வர் எடுத்தா நிரந்தரமா 3600 ஐஒப்ஸ்தான் தாங்கும், அதில 16,000 ஐஒப்ஸ் டிஸ்கைக் கொழுவினா காசு வீண். கொன்சோல் லொகின் தர மாட்டம் எண்டா கையெழுத்து வைக்காதேங்கோ.

காசைத் திருப்பிக் கேட்டிருக்கிறம், அவை வாற மாச பில்லில கழிக்கிறம் எண்டினம், முதலாளி செக்கா வேணும் எண்டிட்டார், லோயர் கடிதம் போயிருக்கு. எங்கட பேரில சொந்தமா அக்கவுண்ட் திறந்து மாறப் பாக்கிறம். இப்ப இருக்கிற அக்கவுண்ட்ட ரூட் ஈமெயில் (முழு அதிகாரமுள்ள லொகின்) அவையிட கையில, டிஸ்கை ஏடபிள்யூஎஸ்ஸிட டிஃபோல்ட் கீயால என்கிரிப்ட் பண்ணி (பூட்டி) வச்சிருக்கிறதால டிஸ்கிட பிரதியான ஸ்னாப்ஷொட்டை எங்கட அக்கவுண்ட்டுக்கு நேரா ஷெயார் பண்ணவும் ஏலாது, அதால டேட்டாபேஸை டம்ப் (ஃபைலா முழுப் பிரதி) எடுத்துத்தான் கொண்டு போறம்.